நின்டெண்டோவின் 1984 ‘கோல்ஃப்’: ஸ்கோரைக் கெடுக்கும் தவறுகள்

தன் வீட்டு கேம் கன்சோலான ஃபேமிகாமுக்காக நின்டெண்டோ 1984-இல் வெளியிட்ட ‘கோல்ஃப்’ பார்வைக்குப் பரம சாது. மீசைக்கார ஆட்டக்காரர் ஒருவர், 18 குழிகள், அடிக்க ஒரு பட்டன், அவ்வளவுதான். ஆனால் பார் 4 குழிக்கு, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய குழிக்கு, ஒன்பது அடி அடித்துவிட்டு, கேம் மேல் பழியைப் போட்டு மூடிவைப்பவர்கள் நிறைய. பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சதோரு இவாடா, ஹால் லேபரட்டரியில் புரோகிராமராக இருந்தபோது உருவாக்கியது இது. சின்ன கார்ட்ரிட்ஜுக்குள் 18 குழிகளையும் எப்படியோ அடக்கிவிட்டார்; ஆடுபவருக்குக் கைகாட்டிச் சொல்லித்தரத்தான் இடமில்லை.

ஒவ்வோர் அடிக்கும் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும். முதலாவது வீச்சைத் தொடங்கும், இரண்டாவது சக்தியைத் தீர்மானிக்கும், மூன்றாவது பந்தில் மட்டை படும் கணம். புதிதாக ஆடுபவர்களின் கவனமெல்லாம் இரண்டாவதில்தான். முழுச் சக்தி கிடைத்ததா என்று பார்த்து முடிப்பதற்குள், சக்தியைக் காட்டும் பட்டையில் ஓடும் குறி திரும்பி வந்து கோட்டைத் தாண்டிவிடுகிறது. சக்தி கொஞ்சம் குறைந்தால் பந்து கொஞ்சம் கிட்டேயே விழும், அதனால் பெரிய நஷ்டமில்லை. மூன்றாவது தவறினால் பந்து வளைந்துபோய்த் தண்ணீரில் விழும், இல்லாவிட்டால் எல்லையைத் தாண்டும். அபராத அடியும் சேரும். இரண்டாவதை அழுத்திய கையோடு சக்தியை மறந்துவிடுங்கள். குறி வரும் முன்பே கண் கோட்டில் போய் நிற்கட்டும்.

சரி, அப்படிப் பார்த்து அழுத்தியும் எல்லாம் தாமதமாகவே விழுகிறதா? டிவியைச் சந்தேகப்படுங்கள். இந்த கேம் பழைய பிக்சர் டியூப் டிவிக்காகச் செய்யப்பட்டது. இன்றைய தட்டை டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் ஒரு சின்னத் தாமதம் வந்துவிடும். செட்டிங்ஸில் கேம் மோடைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். நம் ஊரில் தொண்ணூறுகளில் கேசட் போட்டு ஆடியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நகல் கன்சோல்கள் நம் டிவிக்கேற்ப நொடிக்கு 50 பிரேமில் ஓடின. ஜப்பானிய மூலம் ஓடுவது 60-இல். பழைய கைப்பழக்கத்தை நம்பி எமுலேட்டரில் (பழைய கன்சோல் கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) அழுத்தினால் பிந்திவிடும்.

அடுத்தது கிளப், அதாவது அடிக்கும் மட்டை. எந்தக் கிளப் எத்தனை கெஜம் போகும் என்று திரை சொல்லாது. நெடுந்தூரம் அடிக்கும் டிரைவரையே வைத்துக்கொண்டு சக்தியை மட்டும் குறைத்துச் சமாளிக்கப் பார்ப்பது பலரின் பழக்கம். பாதிச் சக்தியில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்துவது கஷ்டம். முழு வீச்சை ஒரே மாதிரி அடிப்பது அதைவிடச் சுலபம். அதனால் தூரத்தைக் கிளப்பால் மாற்றுங்கள். ஸ்கோரைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு ரவுண்ட் ஆடி, குழியின் நீளத்தை மேப்போடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கிளப்பின் தூரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மணல் குழிக்கு சாண்ட் வெட்ஜ் என்ற கிளப். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

காற்றில் பாதிப்பேர் பாதிதான் சரிசெய்கிறார்கள். காற்று குறுக்கே அடித்தால் குறிவைக்கும் திசையைத் திருப்புவார்கள். எதிர்க்காற்றென்றால் ஒரு கிளப் பெரிதாகவும் (அதிக தூரம் போவது), பின்காற்றென்றால் ஒன்று சிறிதாகவும் எடுக்கத் தோன்றாது. அம்புக்குறியோடு பக்கத்திலிருக்கும் எண்ணையும் பாருங்கள்.

கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைக்கு, வந்ததும் அவசரம் வந்துவிடுகிறது. சரிவைக் காட்டும் அம்புகளைக் கவனிக்காமல் குழிக்கு நேராகத் தட்டினால், பந்து பக்கவாட்டில் உருண்டு போகும். மேட்டை நோக்கிக் கொஞ்சம் தள்ளிக் குறிவையுங்கள். பள்ளத்தை நோக்கி அடிக்கும்போது சக்தியை நன்றாகக் குறையுங்கள். எமுலேட்டரின் சேவ் ஸ்டேட்டை (ஆட்டத்தை அந்தக் கணத்திலேயே சேமித்து மீண்டும் தொடங்கும் வசதி) நியாயமாகப் பயன்படுத்தச் சரியான இடமும் இதுதான். கெட்ட அடியை அழிக்க ரீவைண்ட் செய்பவர்கள், அடுத்த ரவுண்டிலும் அதே அடியை அடிப்பார்கள். கிரீனில் சேவ் செய்துவிட்டு, ஒரே இடத்திலிருந்து சக்தியை மட்டும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள்; சரிவு பந்தை எவ்வளவு இழுக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.