மொட்டைமாடித் தொட்டியில் எலுமிச்சை

மதுரையில் மொட்டைமாடியில் எலுமிச்சை வளர்க்க விரும்புபவர்கள் முதலில் உரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் முதலில் யோசிக்க வேண்டியது, செடிக்கு ஊற்றப்போவது எந்தத் தண்ணீர் என்பதைத்தான். நம் ஊர்த் தொட்டிகளில் எலுமிச்சை வாடிப்போவதற்குப் பட்டினியைவிட உப்புத் தண்ணீரும் வேர் அழுகலுமே பெரிய காரணங்கள்.

கன்றைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ நம்பகமான நாற்றுப்பண்ணையிலோ வாங்கலாம். அக்கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 இப்பகுதிக்கு ஏற்ற ரகம். விதையிலிருந்து வளர்ந்த கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், தொட்டிக்குப் பதியன் கன்றோ ஒட்டுக்கன்றோதான் சரி. ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, அதற்குக் கீழே கிளம்பும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

தொட்டி குறைந்தது 18 அங்குல அகலமும் அதே அளவு ஆழமும் கொண்டதாக, அடியில் பல துளைகளுடன் இருக்கட்டும். கரிசல் மண் தொட்டிக்குள் இறுகி நீரைத் தேக்கிவிடும். ஆகவே செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து, இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்தால் போதும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கிடைக்கும் இடத்தில், செங்கற்களின் மேல் தொட்டியை வையுங்கள்; சித்திரை வெயிலில் தளத்தின் சூடு நேராக வேருக்கு ஏறாது, ஐப்பசி மழையில் துளைகளும் அடைபடாது.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பு, தொட்டி மண்ணில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதும், இலை நுனி கருகுவதும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க இளந்தளிர் மஞ்சளாவதும் இதன் அறிகுறிகள். மஞ்சளைக் கண்டதும் யூரியாவை அள்ளிப் போடுவது செடிக்குச் செய்யும் கேடு. அங்கே குறைவது பெரும்பாலும் இரும்பும் துத்தநாகமும்தான், அவையும் நீரின் காரத்தன்மையால் வேருக்கு எட்டாமல் போகின்றன. நுண்ணூட்டக் கலவையை, பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் கரைத்து, மாலையில் இலைகளின் மேல் தெளித்தால் அடுத்து வரும் தளிர் பச்சையாக வரும். மாதம் ஒருமுறை, அடித்துளை வழியே தாராளமாக வெளியேறும்வரை நீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடுவதும், மழைநீரைப் பிடித்து வைத்து இந்தச் செடிக்கென்று ஒதுக்குவதும் எந்த உரத்தையும்விடப் பலன் தரும். மற்ற நாள்களில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் காலையில் ஊற்றுங்கள்.

தளிர் விடும் காலத்தில் இலைகளைத் தினமும் புரட்டிப் பார்ப்பது அவசியம். குண்டூசித் தலையளவு மஞ்சள் முட்டைகளும், பறவை எச்சம் போலவே தோன்றும் சிறு புழுக்களும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியினுடையவை. வளர்ந்ததும் பச்சையாகிவிடும் இப்புழு, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டி நெடியடிக்கும். பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் பாருங்கள், இரண்டையும் தின்னும். இவற்றைக் கையால் எடுப்பதே போதும். தளிரில் வெள்ளிக் கோடுகளாக நெளியும் இலைத்துளைப்பானுக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம்.

கடுங்கோடையில் பூவும் பிஞ்சும் ஓரளவு உதிர்வது இயல்பு. பூத்ததிலிருந்து காய் பறிக்க ஐந்தாறு மாதங்கள் ஆகும். கரும்பச்சை வெளிறத் தொடங்கும்போது, இழுக்காமல் காம்போடு வெட்டி எடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழை தொடங்கும் ஆவணி, புரட்டாசியில் செடியை வெளியே எடுத்து, தொட்டியைச் சுற்றி வளைந்த வேர்களைச் சற்றுக் கத்தரித்து, புது மண் கலவையில் நட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்திருங்கள்.