இராமநாதபுரம் கடலில் இரவு ஸ்கூபா: பகலிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

இரவில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் மூழ்கும் ஸ்கூபா டைவுக்கு வளர்பிறை அஷ்டமி, நவமி, தசமியில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இழுக்கும் நீரோட்டம் அப்போது தளர்ந்திருக்கும். நிலாவும் அந்தி நேரத்திலேயே உச்சிக்கு அருகில் இருக்கும். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பினால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும், வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கும். பாம்பன் கால்வாய்ப் பக்கம் எந்த மாதமும் வேண்டாம், அங்கே ஓடும் நீரை எதிர்த்து நீந்த முடியாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள பவளத்திட்டுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. வேறு இடமென்றாலும் கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்வதேச எல்லை பக்கத்தில் இருப்பதால், இரவில் கடலில் தெரியும் வெளிச்சத்தை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

இங்கே இருட்டைவிடப் பெரிய ஆபத்து வலைதான். மாலையில் விட்டு விடியலில் எடுக்கும் நண்டு வலை தரையோடு நிற்கும். தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலான் இழை வலை, டார்ச் வெளிச்சத்திலும் கண்ணில் படாது. அன்று எங்கே வலை விட்டிருக்கிறார்கள் என்று கரையில் கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு கைக்கும் எட்டும்படி மார்பில் ஒரு கத்தி இருக்கட்டும். சிக்கினால் திரும்பிப் பார்க்காதீர்கள், திரும்பத் திரும்ப சிலிண்டர் வால்வில் வலை இன்னும் சுற்றிக்கொள்ளும். அசையாமல் நின்று, உடன் மூழ்கும் கூட்டாளியை அறுக்கவிடுங்கள்.

ஆளுக்கு இரண்டு டார்ச், சிலிண்டர் கழுத்தில் ஒரு சிறு விளக்கு. டார்ச் மூடியைக் கடற்கரை மணலில் உட்கார்ந்து திறக்காதீர்கள், வீட்டிலேயே திறந்து, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரல்நுனியால் வழித்துப் பாருங்கள். ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி போதும், அந்த இடுக்கு வழியே உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். இழை உதிராத துணியால் துடைத்து, பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால் அதுவே மணலைப் பிடித்துவைக்கும். கலங்கல் தண்ணீரில் அகல ஒளி, மூடுபனியில் ஹை பீம் போட்டதுபோலக் கண்ணையே கூசவைக்கும். குறுகிய ஒளிக்கற்றைதான் வேண்டும், அதையும் பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள்.

பகலில் மூழ்கிப் பழகிய இடத்தில் மட்டும், அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே இறங்குங்கள். 10 மீட்டர் ஆழமும் 30 நிமிடமும் போதும். நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடியே இறங்குங்கள். கயிற்றை விட்டு இருட்டில் இறங்கினால் மேல் எது கீழ் எது என்று குழம்பித் தலை சுற்றும். சிலிண்டரில் 200 பார் காற்றழுத்தத்தோடு தொடங்கினால் 120-இல் திரும்புங்கள், 50 மிச்சத்தோடு மேலே வாருங்கள்.

ஒளியால் மெதுவாக வட்டம் போட்டால் 'சரி'. வேகமாக இடவலமாக ஆட்டினால் 'ஆபத்து'. கூட்டாளியின் கண்ணில் அடிக்காதீர்கள், உங்கள் கையைக் காட்டும்போது கைமேலேயே அடியுங்கள். அவர் தொலைந்துவிட்டால் உங்கள் டார்ச்சை மார்போடு அழுத்தி மறைத்துச் சுற்றிப் பாருங்கள், அவர் ஒளி தெரியும். ஒரு நிமிடத்தில் தெரியவில்லையா, மேலே வந்துவிடுங்கள். யாருடைய முதல் டார்ச் அணைந்தாலும் அன்றைய டைவ் அதோடு முடிந்தது.

இரவில் கடல் முள்ளெலி இடுக்கைவிட்டு வெளியே மேயும். தரையிலிருந்து ஒரு மீட்டராவது உயர்ந்தே நீந்துங்கள். கடல் அட்டையும் கடல் குதிரையும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை, கை வைக்காதீர்கள்.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். அங்கிருந்து டார்ச்சை மேல்நோக்கி அடித்து, தலைக்கு மேல் வள்ளமோ வலையோ இல்லை என்று பார்த்த பிறகே தலையை வெளியே எடுங்கள். வள்ளக்காரருக்கு இடம் தெரிய ஒளியை உங்கள் தலைமேலேயே அடியுங்கள், அவர் முகத்தில் அல்ல.