வர்ணம் கடைசியில்: துருப்பிடித்த எம்ஜிபியைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் கொட்டகையில் கிடந்த எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி நிறுவனத்தின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பார்க்கப் போகிறவர்களின் கண், மங்கிய வர்ணத்திலும் கிழிந்த மேற்கூரைத் துணியிலும்தான் முதலில் பதியும். அந்த வண்டி பிழைக்குமா பிழைக்காதா என்பதைத் தீர்மானிக்கும் இடமோ கதவுக்குக் கீழே இருக்கிறது. மண்டியிட்டுக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையிலிருந்து 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் வெளிவந்தன. அதற்கு முந்தைய எம்ஜிஏ மாடலுக்கு, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் தனியாக உண்டு; மேலே உள்ள தகடு உளுத்துப்போனாலும் வண்டி நிற்கும். எம்ஜிபியில் உடல்தான் சேசிஸ். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவற்றில் முக்கியமானவை, இரு பக்கமும் கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ என்கிற தகட்டுப் பெட்டிகள். பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு அந்தப் பெட்டிகளுக்குள்தான் போய்த் தங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், புதுப்பிப்பில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கைத்திறன் போதாமல் வருபவை அல்ல, வேலையின் வரிசை மாறுவதால் வருபவை என்பது விளங்கும்.

முதல் தவறு, கண்ணை மட்டும் நம்பி வண்டியை வாங்குவது. சட்டைப்பையில் ஒரு சிறு காந்தமும் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பள்ளம் நிரவப் பூசும் பட்டிதான் இருக்கிறது. ஆரம்பகால எம்ஜிபிகளின் பானெட் மட்டும் விதிவிலக்கு. அது அலுமினியம், அங்கே எப்படியும் ஒட்டாது. உரிமையாளரின் அனுமதியோடு சில்லின் அடிப்பகுதியையும், பின்பக்க ஸ்பிரிங் பிடிமானத்தையும், இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் பேட்டரி உட்காரும் பெட்டியையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். பழைய மாடல்களில் அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன. சிந்திய ஆசிட் அந்தப் பெட்டிகளை உளுக்கவைத்துவிடும். துரு என்பது பனிப்பாறை மாதிரி: வர்ணத்தின் மேல் ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு தகடு போயிருக்கும்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஸ்பேனரை எடுத்து எல்லாவற்றையும் கழற்றிக் குவிப்பது அடுத்த தவறு. கழற்ற ஒரு வாரம் போதும். பூட்டுவதற்கு மூன்று வருடம் கூட ஆகலாம். அதற்குள் எந்த போல்ட்டு எங்கே இருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். மட்கிப்போன பாகத்தையும் எறியாதீர்கள். புதிதாக வரும் பாகம் சரியானதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இனி, ஒரு வண்டியையே நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடிய தவறுக்கு வருகிறேன். உளுத்த சில்லை, உடலுக்கு முட்டுக் கொடுக்காமல் வெட்டுவது. நண்பர் ஒருவரின் ரோட்ஸ்டரில் இது நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். கதவுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நாளில் கிரைண்டரால் அறுத்துவிட்டார். புதிய தகடுகளை அழகாகவே வெல்டு செய்தார், கோடு பிசகவில்லை. கதவை மாட்டிப் பார்த்தபோது கீழே விரல் நுழையும் அளவு இடைவெளி, மேலே கதவின் விளிம்பு, கதவுக்குப் பின்னால் நிற்கும் பின்தூணில் உரசியது. முன்னும் பின்னும் தாங்கி நின்ற உடல் நடுவில் தொய்ந்திருந்தது, அந்தத் தொய்வோடு சேர்த்தே வெல்டு இறுகிவிட்டது. அவ்வளவையும் மறுபடி அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. அன்று அவர் முகத்தைப் பார்த்ததால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரியான முறை பொறுமையைக் கேட்கும், அவ்வளவுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அதன் எடை இயல்பாக இறங்கும் இடங்களில் ஸ்டாண்டுகளைக் கொடுங்கள். கதவுகளை மாட்டி, சுற்றிலும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தொய்ந்திருந்தால் ஜாக்கியை மெல்ல ஏற்றி இடைவெளியைச் சீராக்குங்கள். பிறகு, கதவு இருக்கும் இடத்தில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே இரும்புச் சட்டத்தை வெல்டு செய்து முட்டுக் கொடுங்கள். அதன் பின்னர்தான் கிரைண்டர். அப்போதும் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். புதிய தகட்டைக் கிளாம்பு போட்டு நிறுத்தி, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, ஒத்துவந்தால் மட்டும் முழு வெல்டு.

சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல என்பதையும் பலர் கவனிப்பதில்லை. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் கோட்டை மதில்போல் பல்பல்லாக வளைந்த ஒரு பட்டை என்று அடுக்கடுக்காகச் சேர்ந்த பெட்டி அது. வெளித்தகடு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடிவதில்லை. முன் மட்கார்டுக்கு உள்ளேயும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் நீள்கிறது. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் மட்கார்டின் கீழ்முனையை வெட்டித்தான் ஆக வேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பயந்து, உளுத்த சில்லின் மேலேயே ஒரு மூடுதகட்டை ஒட்டிவைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஏமாற்று வேலை. விற்கிறவர் வாங்குகிறவரை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை, விபத்து நேர்ந்தால் உயிரும் போகும். பிரிட்டனில் 2018 மே முதல், 40 வயது கடந்து, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சோதிக்க ஆள் வரமாட்டார் என்பதால் பொறுப்பு முழுவதும் புதுப்பிப்பவர் தலையில்தான்.

சில், தரை, தூண் எல்லாமே போயிருந்தால் ஒட்டுப்போடுவது வீண். அசல் அச்சுகளைக் கொண்டே செய்த முழு உடற்கூட்டை பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் விற்றுவருகிறது. விலை அதிகம்தான். ஆனால் ஐம்பது இடத்தில் தகடு வெட்டி ஒட்டும் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய வண்டியின் பதிவு புதிய கூட்டுக்குத் தொடருமா என்பதைப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

வெளித்தகடுகளின் துருவை நீக்க, அழுத்தம் மிகுந்த மணல்வீச்சுக்கு அனுப்புகிறார்கள். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பானெட்டும் கதவும் அதில் அலையலையாக நெளிந்துவிடும். மணல் தடித்த பாகங்களுக்கு ஏற்றது, மெல்லிய தகட்டுக்கு அல்ல. வெல்டிங்கிலும் இதே கவனம் வேண்டும்: ஒரே மூச்சில் கோடு இழுக்காமல், புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வைத்து, சூடு ஆற விட வேண்டும்.

பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டையை மூடப் பட்டி பூசக் கூடாது. மேடுபள்ளம் நிரவும் மெல்லிய பூச்சுதான் அதன் வேலை. அது ஈரத்தை உறிஞ்சும். அதை வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் அந்த நீர் அடித்தகட்டுக்குப் போய், ஒரு வருடத்தில் வர்ணத்தின் மேல் கொப்புளமாக எழும். பட்டியை உலர்வாகவே தேயுங்கள். சாதாரண பிரைமரும் நீரைத் தடுக்காது. பிரைமர் அடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் வண்டியை ஆறு மாதம் மழையில் நிறுத்தினால், செய்த வேலை அத்தனையும் அடியிலிருந்தே துருவாகும். நீண்ட நாள் நிறுத்த வேண்டுமென்றால் எபாக்சி பிரைமர் அடியுங்கள்.

உயிரோடு விளையாடும் தவறுகள் இரண்டு. காலியான பெட்ரோல் டாங்கை வெல்டு செய்யாதீர்கள். உள்ளே தங்கும் ஆவி, பெட்ரோலைவிட மோசமாக வெடிக்கும். எம்ஜிபிக்குப் புதிய டாங்கே கிடைக்கிறது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்திலும் வெல்டு வைக்காதீர்கள். சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

இறுகிப்போன இன்ஜினை ஸ்பேனர் போட்டு முறுக்காமல், பிளக்குகளைக் கழற்றி ஊடுருவும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். மின்சாரத்தில், 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதை அறியாமல் மாற்றி இணைத்தால், பிற்காலத்தில் பொருத்திய ரேடியோ போன்றவை நொடியில் கருகும். வர்ணம் அடித்த பிறகு விளக்கு எரியவில்லை என்றால் ஒயரைச் சபிக்காதீர்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் வர்ணம் படிந்திருக்கும், சுரண்டினால் எரியும்.

வர்ணம் காய்ந்ததும், சில் பெட்டிகளுக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகைப் பீய்ச்சுங்கள். வெல்டிங்குக்கு முன் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். மெழுகு இறுகியபின் கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரைக் கதவுக் கண்ணாடியின் மேல் ஊற்றிப் பாருங்கள். கீழே சொட்ட வேண்டும்.