டைட்டானியக் கலப்புலோகங்களில் விரிசலும் குழியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைட்டானியம் அரிக்கப்படாது என்ற நம்பிக்கை, அதன் மேல் படிந்துள்ள மெல்லிய ஆக்சைடு படலம் நிலைத்திருக்கும்வரைதான் செல்லும். கீறல் பட்டாலும் அப்படலம் நொடியில் மீண்டும் உருவாகிவிடும். ஆனால் அதற்கு ஈரமோ ஆக்சிஜனோ வேண்டும்.

இதை மறந்து, நீர் கலவாத தூய திரவம் தீங்கு செய்யாது என்று கருதுவதே மிக ஆபத்தான தவறு. 1966 அக்டோபரில் கலிபோர்னியாவில் அழுத்தச் சோதனையின்போது அப்போலோ விண்கலத்தின் எரிபொருள் தொட்டி ஒன்று வெடித்துச் சிதறியது. நச்சு மிகுந்த எரிபொருளைத் தவிர்ப்பதற்காக அதில் மெத்தனாலை நிரப்பியிருந்தார்கள். 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த அந்தக் கலப்புலோகம், அழுத்தத்தால் இழுவிசைக்கு உள்ளாகியிருந்த நிலையில், பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுத்த அந்தத் திரவத்திலேயே தகைவு அரிமானத்தால், அதாவது இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து செய்யும் சேதத்தால், விரிசல் கண்டது. மெத்தனாலில் சில சதவீதம் நீர் இருந்தாலே இவ்வகை விரிசல் பெரிதும் தடைபடும். குளோரினும் அப்படியே: ஈரமான குளோரினைத் தாங்கும் டைட்டானியம், உலர்ந்த குளோரினில் தீப்பற்றவும் கூடும். எனவே சோதனைக்கும் கழுவுவதற்கும் பயன்படும் திரவங்களையும் எரிபொருளைப் போலவே ஆராய்ந்து தேர்வு செய்ய வேண்டும்.

பரப்பில் ஆங்காங்கே சிறு குழிகளாக அரிக்கும் குழி அரிமானம் பெரும்பாலும் பட்டறையிலேயே விதைக்கப்படுகிறது. சாதாரண இரும்புக் கம்பி பிரஷால் வெல்டிங்கைத் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பரப்பில் பதிந்துவிடுகின்றன. பின்னர் சூடான உப்புநீரில் அந்த இடங்களிலிருந்தே குழி தொடங்குகிறது. பொட்டாசியம் ஃபெரிசயனைடு சேர்ந்த சோதனைக் கரைசலைத் தடவினால் இரும்பு ஒட்டியுள்ள இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். டைட்டானியத்துக்கென்றே தனியாகத் துருப்பிடிக்காத எஃகு பிரஷ் வைத்துக்கொள்வது செலவு குறைந்த காப்பு.

வழவழப்பான மாதிரியைக் கடல்நீரில் தொங்கவிட்டு, விரிசல் வரவில்லை என்று முடிவுகட்டுவதும் பிழையே. 8 சதவீத அலுமினியம் கொண்ட கலப்புலோகம் அத்தகைய சோதனையில் தேறிவிட்டு, முன்கூட்டியே விரிசல் உண்டாக்கிய மாதிரியில் விரைவாக முறிந்ததை 1960களின் ஆய்வுகள் காட்டின. அலுமினியமும் ஆக்சிஜனும் கூடக்கூட இப்பலவீனம் வளர்வதால், கடல்நீரில் பாரம் தாங்கும் பாகங்களுக்கு ஆக்சிஜன் அளவு குறைந்த தரத்தையே கேட்டு வாங்க வேண்டும்.

கேட்மியம் பூசிய போல்ட்டுகளை டைட்டானியத்தோடு இறுக்கக் கூடாது. கேஸ்கெட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) இடுக்குகளில் சூடான உப்புநீர் தேங்குமானால், கலப்பில்லாத டைட்டானியத்தை நம்பாமல், சிறிதளவு பல்லேடியம் சேர்ந்த தரத்துக்கு மாறுவதே சரி.