குடல் நரம்பில் குளூட்டமேட்டைப் பிடிப்பது எப்படி

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதம் முழுக்க, கினிப்பன்றியின் இலியத்துக்கு (சிறுகுடலின் கடைசிப் பகுதி) நரம்பைத் தூண்டும் குளூட்டமேட் விட்டுப் பார்த்தேன். தசையின் சுருக்கத்தைக் காட்டும் திரையில் கோடு நேராகவே ஓடியது. தசை செத்துவிட்டதோ என்று, அதை நேரடியாகச் சுருக்கும் அசிட்டைல்கோலின் விட்டேன், உடனே சுருங்கியது. குடல் துண்டை உயிரோடு வைத்திருக்கும் கிரெப்ஸ் உப்புக் கரைசலில் வழக்கமாகச் சேர்க்கும் 1.2 மில்லிமோலார் மக்னீசியம்தான் தடை. நரம்பு ஓய்வில் இருக்கும்போது குளூட்டமேட் ஒட்டும் என்எம்டிஏ ஏற்பியின் துளையை மக்னீசியம் அயனி தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். ஆகவே மக்னீசியம் இல்லாமலே கரைசல் தயாரியுங்கள். 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு குமிழியிடத் தொடங்கிய பிறகு கடைசியாகக் கால்சியம் சேருங்கள். முந்திச் சேர்த்தால் கரைசல் கலங்கும்.

இலியம் பெருங்குடலோடு சேரும் முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி, அதற்கு மேலே 2–3 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். நெறிக்குழு அனுமதியோடு என்றாலும் ஓர் உயிர் போயிருக்கிறது. ஒரே குடலிலிருந்து எல்லாத் துண்டுகளையும் பயன்படுத்துங்கள். இழுக்காதீர்கள். 1860-களில் அவுர்பாக் விவரித்த நரம்புப் பின்னல் நீள்தசைக்கும் வட்டத்தசைக்கும் நடுவில்தான் இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். துண்டைக் கரைசல் தொட்டியில் தொங்கவிட்டு, 37 டிகிரியில், ஒரு கிராம் இழுவையில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கழுவி ஒரு மணி நேரம் விடுங்கள்.

குளூட்டமிக் அமிலத்தை அப்படியே விட்டால் புளிப்பே தசையைக் குழப்பும். சோடியம் உப்பாக எடுங்கள். 20 மில்லி தொட்டியில் 10 மில்லிமோலார் கரைசல் 0.2 மில்லி விட்டால், தொட்டியில் ஏறத்தாழ 100 மைக்ரோமோலார். சுருக்கம் வந்ததும் கழுவி 15 நிமிடம் பொறுங்கள். அடுத்தடுத்து விட்டால் ஏற்பி களைத்துவிடும்.

சுருங்கியதாலேயே அது நரம்பின் வேலை என்று எழுதிவிடாதீர்கள். நரம்பின் மின்சைகையை நிறுத்தும் டெட்ரோடோடாக்சின் கொடுங்கள் (கொடிய விஷம், கையுறை கட்டாயம்). இப்போது குளூட்டமேட்டுக்கு அசைவு இருக்காது, அசிட்டைல்கோலினுக்கு இருக்கும்: தசை நலமாக இருக்கிறது, குளூட்டமேட் தொட்டது நரம்பைத்தான். இந்த இரண்டு கோடுகளையும் அருகருகே முதல்முறை பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேறொரு துண்டில், தசையில் அசிட்டைல்கோலின் வேலை செய்யாமல் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தாலும் குளூட்டமேட்டின் சுருக்கம் மறையும். அந்த நரம்பு வெளியிடுவது அசிட்டைல்கோலின். என்எம்டிஏ ஏற்பிதானா என்று உறுதிசெய்ய, அந்த ஏற்பியை மட்டும் தடுக்கும் டி-ஏபி5 போதும். அட்ரோபின் தொட்ட துண்டை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள், எவ்வளவு கழுவினாலும் அது சீக்கிரம் போகாது.