அம்புலன்ஸ், தீயணைப்பு வேலைக்குச் சேரும் திருகோணமலையாருக்கு: இங்கிலாந்துப் பென்சன்

இலங்கையில் பொலிஸ் உத்தியோகம் பார்த்த தகப்பனைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, பென்சன் என்பது அரசு தானாகத் தருவது. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மட்டுமே சம்பளத்தில் ஒரு தொகை கழியும். அந்த நினைப்போடு இங்கிலாந்துக்கு வந்து அம்புலன்ஸ் சேவையில் சேர்பவர், முதல் மாதச் சம்பளச் சீட்டில் வருமான வரி, தேசியக் காப்புறுதி ஆகியவற்றோடு ஓய்வூதியம் என்ற மூன்றாவது கழிவையும் கண்டு திடுக்கிடுவது வழக்கம். உப்புவெளியில் கூரையில்லாமல் நிற்கும் வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டிய நேரத்தில், ஓய்வூதியத் திட்டத்திலிருந்து விலகிவிட்டால் என்ன என்ற யோசனையும் வரும். விலக அனுமதி உண்டு, ஆனால் விலகாதீர்கள்.

விலகினால், உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தொழில் தருநர் செலுத்தும் தொகை உங்கள் கைக்கு வராது. அம்புலன்ஸ் ஊழியர்கள் தேசிய சுகாதார சேவையின் 2015ஆம் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார்கள். அதில் ஒவ்வோர் ஆண்டுச் சம்பளத்திலும் 54இல் ஒரு பங்கு பென்சனாகச் சேரும். 27,000 பவுண் உழைத்த ஓர் ஆண்டு, வருடத்துக்கு 500 பவுண் வீதம் ஆயுள் முழுவதும் வரும் பென்சனைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. பணியில் இருக்கும்வரை அந்த 500, பணவீக்கத்துக்கு மேல் 1.5 சதவீதம் சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்தப்படும். தீயணைப்பாளரின் 2015 திட்டத்தில் பங்கு 59.7இல் ஒன்று, ஓய்வு வயது 60. அம்புலன்ஸ்காரருக்கோ அரச ஓய்வூதிய வயதே, அதாவது தேசியக் காப்புறுதியால் வரும் அரச ஓய்வூதியம் தொடங்கும் வயதே கணக்கு. பாரம் தூக்கிப் படியேறும் வேலைக்கு அது நியாயமா என்பது வேறு கதை.

ஊருக்குத் திரும்பினால் எல்லாம் போய்விடும் என்பது தவறான பேச்சு. சுகாதார சேவைத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் நிறைந்தால், வேலையை விட்டாலும் பென்சன் உங்கள் பெயரிலேயே இருக்கும். திருகோணமலையில் வசித்தாலும் விலைவாசிக்கேற்ப உயரும். தேசியக் காப்புறுதியால் வரும் அரச ஓய்வூதியம் அப்படியல்ல. அதற்குக் குறைந்தது 10 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். முழுத் தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டுகள். இலங்கையில் குடியிருப்பவருக்கு அது முதலில் கிடைத்த தொகையிலேயே நின்றுவிடும். கடைசிக் காலத்தைக் கோணேசர் கோயிலடியில் கழிக்க நினைப்பவர்கள், இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் கணக்குப் போடக்கூடாது.

எங்களவருக்குச் சிக்கல் தருவது பெரும்பாலும் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும், கடவுச்சீட்டில் முழுப்பெயரும், விவாகப் பதிவில் இன்னோர் எழுத்துக்கூட்டலும் இருந்தால், பிற்காலத்தில் மனைவியோ கணவனோ துணைவர் பென்சன் கேட்கும்போது அது வினாவாக எழும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றவர்கள் விவாகப் பதிவையும் செய்து, சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வைத்திருக்க வேண்டும். பணியிலிருக்கும்போது மரணம் நேர்ந்தால் கிடைக்கும் மொத்தத் தொகை யாருக்கு என்று எழுதும் நியமனப் படிவத்தை, தனியாளாக வந்தபோது அம்மாவின் பெயரில் நிரப்பியவர்கள், கலியாணத்துக்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.