இரண்டாவது குழந்தை: கணக்கு எங்கே தப்புகிறது?

'இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள், மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்று மாமியார் சொல்லி முடிப்பதற்குள் மகன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துவிடுகிறார். கணக்குப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் பல வீடுகளில் தப்பான செலவைத்தான் எண்ணுகிறோம்.

பிரசவம், டயப்பர், தடுப்பூசி எல்லாம் உடனே கையைக் கடிப்பதால் பெரிதாகத் தெரிகின்றன. இரண்டு மூன்று வருடத்தில் இவை ஓய்ந்துவிடும். தொட்டிலும் சட்டையும் மூத்ததுடையதே இருக்கும். கணக்கில் வராமல் போவது அம்மாவின் சம்பளம். மாதம் 30,000 ரூபாய் வாங்குபவர் மூன்று வருடம் வீட்டில் இருந்தால் போவது 10,80,000 ரூபாய். இன்கிரிமென்ட்டும் பிஎஃப்பும் தனி. 'அவள் சம்பளம் ஆயாவுக்கே சரியாகப் போகிறது, வேலையை விட்டுவிடட்டுமே' என்பார்கள். ஆயா செலவை அவள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்க வேண்டும்? குழந்தை இருவருக்கும்தானே! 'பாட்டி பார்த்துக்கொள்வார்' என்பதும் இதே ரகம். மூத்ததைத் தூக்கி வளர்த்தபோது இல்லாத மூட்டுவலி இப்போது அவருக்கு இருக்கலாம்.

தனியார் வேலையில் இருப்பவர்கள் பிரசவ விடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம், மூன்றாவதுக்கு 12 வாரம்தான். அதற்கும் முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். கம்பெனி மாறிய கையோடு குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

அடுத்தது இடைவெளி. 'சேர்ந்தாற்போல் வளர்ந்துவிடும்' என்று இரண்டு வருட இடைவெளியில் பெற்றால், மூத்தது இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது இளையது முதல் வருடம் சேரும். இரண்டு வருடம் இரட்டைக் கட்டணம். நான்கு வருட இடைவெளி என்றால் அந்தச் சுமை இல்லை. ஒரு தாளில் வருடங்களை வரிசையாக எழுதி, இரண்டு பேரின் வகுப்புகளையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இன்றைய கட்டணத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள். வருடம் 10 சதவீதம் ஏறினால் இன்று 50,000 ரூபாயாக இருக்கும் பள்ளிக் கட்டணம் ஏழெட்டு வருடத்தில் ஒரு லட்சம். கல்விக் கட்டணத்துக்கு வரிச்சலுகை உண்டே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையில் மட்டும்தான், அதுவும் இரண்டு பிள்ளைகள் வரைக்கும்தான்.

தனியாக எடுத்த மருத்துவக் காப்பீட்டில் பிரசவத்துக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு; பாலிசி எடுத்து அந்தக் காலம் முடிந்த பிறகுதான் பிரசவச் செலவு கிடைக்கும். கர்ப்பம் உறுதியான பிறகு பாலிசி தேடிப் பயனில்லை.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு 'வீட்டுக் கடன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று இருப்பது இதற்கு நேரெதிரான தவறு. 30 வயதில் வாங்கிய 20 வருடக் கடன் 50-ல்தான் முடியும். 35-க்கு மேல் கருத்தரிப்பது கடினமாகிக்கொண்டே போகும், ஐவிஎஃப் சிகிச்சை என்று போனால் செலவு லட்சங்களில். கடன் எப்போது முடியும் என்பதைவிட, தவணை போக மாதம் என்ன மிஞ்சுகிறது, ஒருவர் சம்பளம் நின்றால் ஆறு மாதம் ஓட்டக் கையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.